கீழே இலை நிற்குமா? மறைப்புக்காக வாங்கும் மரக்கன்றுகள் பற்றி ஒரு மதிப்பீடு

"காம்பவுண்டு ஓரமா வைக்கணும், சீக்கிரம் வளரணும், மொத்தமா இலை கொட்டக் கூடாது, பக்கத்து வீடு தெரியக் கூடாது." நர்சரியில் இப்படிக் கேட்டால் காட்டப்படுவது பெரும்பாலும் இந்த ஐந்தாறுதான்: நெட்டிலிங்கம், சவுக்கு, மஞ்சள் மூங்கில், கோனோகார்பஸ், ஏதாவது ஒரு ஃபைகஸ், கொஞ்சம் பெரிய நர்சரி என்றால் துஜா. எல்லாமே வேகமாக வளரும் என்பார்கள். பலவற்றுக்கு அது உண்மையும்கூட. ஆனால் மறைப்பு தோற்றுப்போவது உயரம் போதாமல் அல்ல.

தெருவில் நடப்பவர் கண் படுவது தரையிலிருந்து ஏழெட்டு அடிக்குள். பக்கத்து வீட்டு முதல் மாடி ஜன்னலை மறைக்க பதினைந்து அடி தேவைப்படலாம். வேகமாக ஓடும் மரத்துக்கு அந்த உயரம் பெரிய காரியமில்லை. ஆனால் மேலே ஓட ஓட அடிக்கிளைகளை உதிர்த்துக்கொண்டே போகும். நான்காம் வருஷம் பார்த்தால் மொட்டைமாடிக்கு நிழல் இருக்கும், வாசலில் நிற்பவர் கண்ணுக்கு வரிசையாகக் கம்புகள்தான் தெரியும். அதனால் இந்த மதிப்பீட்டில் ஒவ்வொரு கன்றிடமும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கீழே இலை நிற்குமா? விலை, அழகு, உயரம் எல்லாம் அதற்குப் பிறகு.

"இலை கொட்டாத மரம்" என்று ஒன்று கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பசுமை மாறாத மரங்களும் உதிர்க்கும். ஒரே மாதத்தில் மொட்டையாகாமல் வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும், அவ்வளவே. பெருக்குமாறு தினமும் வேண்டும்.

நெட்டிலிங்கம்

நகர வீட்டு மனைகளுக்கு இன்றும் முதலிடம் இதற்குத்தான். கடைக்காரர் "அசோகா" என்பார். அசல் அசோகம் வேறு, அது புளி, கொன்றை இனத்தைச் சேர்ந்தது, ஆரஞ்சுப் பூ பூக்கும். நெட்டிலிங்கம் சீத்தாப்பழக் குடும்பம். இதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று கிளை விரித்துப் பெரிய நிழல் மரமாகும். இன்னொன்று கிளைகளைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு தூண் மாதிரி நிற்கும், நர்சரியில் அதற்கு "பென்டுலா" என்று பெயர். மறைப்புக்கு வேண்டியது இந்தத் தூண் வகை. குடை பிடித்தாற்போலக் கிளை பக்கவாட்டில் நீட்டியிருந்தால் அது மற்றது, வாங்க வேண்டாம்.

தூண் வகையின் அகலம் 3 முதல் 5 அடிக்குள் அடங்கும் என்பதுதான் இதன் பெரிய பலம். சுவருக்கும் வீட்டுக்கும் இடையே 5 அடி மட்டுமே விட்டுக் கட்டிய மனைகளில் வேறு எந்த மரமும் இவ்வளவு அடக்கமாக நிற்காது. தொங்கும் கிளைகள் ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்ததுபோல் விழுவதால், வெயில் படும் பக்கத்தில் அடிவரை இலை நிற்கும். நிழல் பட்ட பக்கத்தில் நிற்காது. வடக்குச் சுவரை ஒட்டி, இரண்டு மாடிக் கட்டிடத்தின் நிழலில் வைத்த வரிசைகள் பல இடங்களில் இடுப்புயரம் வரை காலியாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

வாங்கும்போது நடக்கும் தவறு எப்போதும் ஒரே மாதிரி. ஆறடி உயரக் கன்று, கைத்தடி கனத்தில் தண்டு, ஒரு மூங்கில் குச்சியோடு கட்டி நிற்கும், மேலே இரண்டடிக்கு மட்டும் இலை. பார்க்க "வளர்ந்த செடி", விலையும் அதற்கேற்ப. அதன் கீழ் நான்கடியில் கிளை உதிர்ந்துவிட்டது, தானாகத் திரும்பி வராது. தலையை வெட்டினால் வெட்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே கொத்தாகத் துளிர்க்கும், தூண் வடிவமும் போய்விடும். இதற்குப் பதில் 8×10 அங்குலப் பையில் மூன்றடி உயரத்தில், பையின் வாய் வரை கிளை உள்ள கன்று எடுங்கள். நட்ட மூன்று வருஷத்தில் இது அந்த ஆறடிக் கன்றை எட்டிப் பிடிப்பது சாதாரணம், ஏனென்றால் பெரிய கன்று முதல் வருஷத்தை வேர் சரிசெய்துகொள்வதிலேயே கழித்துவிடும்.

வளர்ச்சி வேகம் பற்றி நர்சரி சொல்வதில் பாதியை நம்பலாம். நட்ட முதல் வருஷம் மெதுவாகத்தான் இருக்கும். வேர் பிடித்த பிறகு, தண்ணீர் குறையாமல் இருந்தால், வருஷத்துக்கு இரண்டு மூன்று அடி. பத்தடி மறைப்புக்கு நான்கு வருஷம் என்று கணக்கு வையுங்கள்.

இடைவெளி 3 அடி. 4 அடி விட்டால் நடுவில் ஜன்னல்போலத் திறந்த இடம் பல வருஷத்துக்கு அடையாது. "அடர்த்தியா வேணும்" என்று 1½ அடியில் நட்டால் ஒன்றுக்கொன்று வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு மேலே ஓடி, அடியில் காலியாகும். சுவரிலிருந்து குறைந்தது 2½ அடி தள்ளி நடவும்.

குறைகள்: இலை தடித்தது, லேசில் மக்காது. கோடையில் உதிர்வு கூடும். காய் பழுத்துக் கருநீலமானதும் இரவில் வௌவால் வரும், கீழே கார் நிறுத்தினால் காலையில் கறையோடு நிற்கும். உப்புக் கலந்த போர்த் தண்ணீரில் இலை நுனியும் ஓரமும் கருகும். கடற்கரையை ஒட்டிய மனைகளில் இது அடிக்கடி பார்க்கும் காட்சி. பச்சைப் புழு இலையைத் தின்பதைக் கண்டு பலர் மருந்துக் குப்பியைத் தூக்குகிறார்கள். பெரும்பாலும் அது வால் நீண்ட பச்சைப்புள்ளி வண்ணத்துப்பூச்சியின் புழு. நன்றாக வளர்ந்த மரத்துக்கு அதனால் சேதம் அதிகமில்லை, விட்டுவிடலாம். கன்று சிறியதென்றால் கையால் பொறுக்கி எடுத்தால் போதும்.

"சாலைச் சத்தத்தைத் தடுக்கும்" என்று ஒரு விற்பனைப் பேச்சு உண்டு. ஒற்றை வரிசை மரம் தூசியைப் பிடிக்கும், பார்வையைத் தடுக்கும். சத்தம் காதுக்குத் தெரிகிற அளவு குறைய, பல வரிசை அடர்ந்த தோப்பு வேண்டும். அதை எதிர்பார்த்து வாங்க வேண்டாம்.

சவுக்கு

மறைப்புக்கு இரண்டாம் தரம், காற்றுக்கு முதல் தரம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் சவுக்கைப் பற்றி ஆளுக்கொரு கருத்து.

வேகத்தில் இதை மிஞ்ச முடியாது. ஒரு சாண் நாற்று முதல் வருஷத்திலேயே ஆளுயரத்தைத் தாண்டும். கடலூர், விழுப்புரம் பக்கம் காகிதக் கூழுக்கு மூன்று நான்கு வருஷத்தில் வெட்டுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வேர் முடிச்சில் வாழும் பிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் மணற்பாங்கான நிலத்திலும் உரமில்லாமல் வரும். நாற்று விலையும் மிகக் குறைவு.

ஆனால் ஊசி இலை சல்லடை. ஒற்றை வரிசையின் பின்னால் யார் நிற்கிறார் என்று தெரியும். மறைப்பாகப் பயன்பட வேண்டுமென்றால் இரண்டு வரிசை, வரிசைக்கு வரிசை 3 அடி, செடிக்குச் செடி 3 அடி, முக்கோண முறையில் நட வேண்டும். நாலடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். "வளர்ற செடியை எதுக்கு வெட்டணும்" என்று மனம் கேட்காது, ஆனால் அந்த ஒரு கிள்ளல்தான் அடிக்கிளையைக் காப்பாற்றும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பக்கவாட்டில் பச்சைப் பகுதியை மட்டும் கத்தரிக்கலாம். பச்சையே இல்லாத பழைய கட்டை வரை வெட்டினால் அந்த இடத்தில் மறுபடி துளிர்ப்பது சந்தேகம். இரண்டு வருஷம் கத்தரிக்காமல் விட்டுவிட்டு மூன்றாம் வருஷம் "வேலி மாதிரி ஆக்கு" என்று ஆள் வைத்தால் மிஞ்சுவது குச்சி.

காற்றுத் தடுப்பு என்று வரும்போது அதே சல்லடைக் குணம்தான் இதன் சிறப்பு. கெட்டியான சுவரில் மோதும் காற்று மேலேறி, சுவரைத் தாண்டியதும் சுழன்று கீழே விழும், பின்னாலிருக்கும் வாழை அதனால்தான் முறியும். பாதிக்குப் பாதி காற்றை வடிகட்டி விடும் வரிசையின் பின்னால் அந்தச் சுழல் இல்லை. அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம்வரை காற்றின் வேகம் நன்றாகக் குறையும். 20 அடி சவுக்கு வரிசை சுமார் 200 அடிக்குப் பாதுகாப்பு. நடுவில் ஒரு செடி செத்து இடைவெளி விழுந்தால் அந்தச் சந்து வழியாகக் காற்று முன்னைவிட வேகமாகப் பாயும். வண்டி போக வழி விடுவதானால் நேராக விடாமல் சாய்வாக விடுங்கள்.

எந்தத் திசையில் வைப்பது என்பது ஊரைப் பொறுத்தது. பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே உள்ள கோவை, உடுமலை, பல்லடம் பகுதிகளிலும், கம்பம் பள்ளத்தாக்கு, ஆரல்வாய்மொழி போன்ற இடங்களிலும் ஆடிக்காற்று மேற்கிலிருந்து வரும். அங்கே மேற்கும் தென்மேற்கும்தான் அடைக்க வேண்டிய திசைகள். கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் காற்றுத் தடுப்புக்கென்றே அடிக்கிளை நிற்கும் சவுக்கு குளோன்களை (தேர்ந்தெடுத்த ஒரு மரத்தின் துண்டுகளிலிருந்தே பெருக்கிய நாற்றுகள்) வெளியிட்டிருக்கிறது. தோட்டத்துக்கு வாங்குவோர் அவற்றைக் கேட்டு வாங்குவது நல்லது. கூழுக்கு விற்கும் குளோன் நேராக, கிளை குறைவாக வளரும்படி தேர்ந்தெடுத்தது. மறைப்புக்கு அது தப்பான சரக்கு. நாற்று விற்பவரே பல சமயம் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

புயலில் சவுக்கு தாங்குமா என்றால், 2011 டிசம்பரில் தானேயும் 2018 நவம்பரில் கஜாவும் காட்டியது போதும். வளர்ந்த தனி மரங்கள் முறிந்தன, சாய்ந்தன. வீட்டிலிருந்து மரத்தின் உயரத்தைவிடக் கூடுதல் தூரத்தில் இல்லாத சவுக்கை 12 அடிக்கு மேல் விடக் கூடாது. பட்டை தின்னும் புழுவையும் கவனிக்க வேண்டும். தண்டில் மரத்தூளும் புழுக்கையும் கலந்த பட்டுப்போன்ற கூடு ஒட்டியிருந்தால் துடைத்தெடுத்து, துளையில் கம்பி விட்டுக் குத்தி, களிமண்ணால் அடைக்கவும்.

மஞ்சள் மூங்கில்

பச்சைக் கோடு போட்ட மஞ்சள் கழி. படத்தில் பார்த்து வாங்கப்படும் சரக்கில் இதுவே அதிகம். மழைக்காலத்தில் வரும் குருத்து இரண்டு மூன்று மாதத்திலேயே முழு உயரத்தை எட்டிவிடும். கழி அதற்குமேல் உயரவும் செய்யாது, பருக்கவும் செய்யாது. மூன்று வருஷத்தில் மாடிவரை பச்சைத் திரை கிடைக்கும் என்று சொல்வது பொய்யல்ல.

இது கொத்தாக வளரும் இனம், தரைக்கடியில் ஓடிப்போய் அடுத்த வீட்டில் முளைக்காது. ஆனால் கொத்து பருக்கும். 2 அடி அகலப் பட்டையில் வைத்தால் ஆறேழு வருஷத்தில் கிழங்கு ஒரு பக்கம் சுவரையும் மறுபக்கம் நடைபாதைத் தளத்தையும் நெம்பும். ஹாலோ பிளாக் காம்பவுண்டு என்றால் விரிசல் நிச்சயம். சுவரிலிருந்து 5 அடி விட இடமிருந்தால் மட்டும் இதை யோசிக்கலாம். கீழே இலை நிற்குமா? நிற்காது. நாலைந்தடி வரை வெறும் கழிதான். அழகான கழி என்பதால் மன்னிக்கலாம், மறைப்பு என்று சொல்ல முடியாது.

இடம் குறைவானவர்களுக்கு, விரல் கனமுள்ள வேலி மூங்கில் இதைவிடப் பல மடங்கு நல்லது. 10 முதல் 15 அடி, அடிவரை இலை, கத்தரிப்பைத் தாங்கும். கடையில் "மல்டிபிளக்ஸ்" என்று கேட்டால் தெரியும். 2 அடிக்கு ஒன்று.

எந்த மூங்கிலானாலும் வேலை ஒன்று உண்டு. மூன்று வயதைத் தாண்டிய கழிகளை வருஷாவருஷம், குருத்து வரும் மழைக்கு முன்பே, தரையை ஒட்டிக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டி எடுக்க வேண்டும். இந்த வருஷத்துக் குருத்தைத் தொடக் கூடாது. இதைச் செய்யாத கொத்து உள்ளே காய்ந்து நெருக்கமாகி, கத்தி போகாத நிலைக்கு வந்துவிடும். பிறகு பொக்லைன்தான்.

கோனோகார்பஸ், ஃபைகஸ், துஜா

கோனோகார்பஸ் நமது கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கும். அடிவரை இலை, மாதம் ஒரு கத்தரிப்பு, உப்புத் தண்ணீர், எரிக்கும் வெயில் எதையும் பொருட்படுத்தாது. அதனால்தான் அரபு நாடுகளிலும் கராச்சியிலும் லட்சக்கணக்கில் நட்டார்கள். பிறகுதான் அதன் வேர் ஈரத்தைத் தேடிப் போய்க் குழாய்களில் புகுவதும், மகரந்தத்தால் ஒவ்வாமை வருவதும் பேச்சானது. குஜராத் அரசு 2023இல் இதை நடவே தடை விதித்தது. சம்ப், செப்டிக் டேங்க், பாதாளச் சாக்கடை இணைப்பு எல்லாம் காம்பவுண்டு ஓரத்திலேயே இருக்கும் நம் வீட்டு மனைகளுக்கு இது சற்றும் பொருந்தாது. "வேற பேர்ல" தருகிறேன் என்றாலும் வேண்டாம். மெலிந்து நீண்ட இலை, பட்டன் அளவு பச்சைக் காய் உருண்டை, இதுதான் அடையாளம்.

ஃபைகஸ் எல்லாம் ஆலமரத்தின் உறவு என்பதை மறக்காமல் இருந்தால் போதும். தொட்டியில் வைத்தால் நல்ல செடி. சுவரோரம் தரையில் வைத்தால் பத்து வருஷம் கழித்துக் கொத்தனாருக்கு வேலை.

துஜா சமவெளிக்கு ஏற்றதல்ல. சென்னை, மதுரை வெயிலில் உள்புறம் பழுப்பாகிக்கொண்டே வரும், அந்தப் பழுப்புக் கட்டையில் மறுதுளிர் வராது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் என்றால் சைப்ரஸ் வேலி நன்றாக வரும். அங்கேயும் இதே விதிதான், பச்சையைத் தாண்டி வெட்டினால் ஓட்டை அடையாது.

நர்சரியில் காட்டாதவை

கொடுக்காப்புளி வேலியை இன்று நினைப்பவர் குறைவு. தோப்பு, பண்ணை வீடு, பெரிய மனை என்றால் இந்தப் பட்டியலில் உள்ள எதையும்விட இதுவே சிறந்தது என்பது எங்கள் கணிப்பு. பசுமை மாறாது, வறட்சி தாங்கும், எவ்வளவு வெட்டினாலும் துளிர்க்கும், முள் இருப்பதால் ஆடு மாடு நுழையாது. விதைக்குச் செலவே இல்லை. கோடையில் தின்ற பழத்தின் கருப்பு விதையைக் காயவைத்து எடுத்துவைத்து, மழை தொடங்கியதும் ஓர் இரவு ஊறவைத்து விதைக்கலாம். ஓரடி இடைவெளியில் இரண்டு கோடு, கோட்டில் அரையடிக்கு ஒரு விதை, முக்கோணமாக. இரண்டடி வளர்ந்ததும் ஓரடிக்கு வெட்டவும். அடுத்த துளிர் வந்து முக்காலடி நீண்டதும், பழைய வெட்டுக்கு அரையடி மேலே வெட்டவும். முதல் வருஷம் இப்படி நாலு வெட்டு. ஆறடி வேலிக்கு இரண்டரை, மூன்று வருஷம் ஆகும். அவசரப்பட்டு முதல் வெட்டைத் தவிர்த்தால் வேலி வராது, வரிசையாகக் கொடுக்காப்புளி மரங்கள்தான் வரும். குழந்தைகள் ஓடி விளையாடும் நடைபாதை ஓரத்துக்கு மட்டும் இது சரியில்லை.

கடலோரமும் காவிரிக் கடைமடையும் என்றால் பூவரசு. மணிக்கட்டு கனத்தில் ஆறடிப் போத்தை (கிளைத் துண்டை) வெட்டி, ஒன்றரை அடி ஆழம் புதைத்து, மேல் வெட்டில் சாணி உருண்டை வைத்தால் ஈரம் காயாது. நட்ட அன்றே வேலிக்கு ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம் வந்துவிடுகிறது, இந்த வேகத்தை எந்த நர்சரியும் தர முடியாது. தலைகீழாக நட்டுவிட வேண்டாம். போத்தை வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சாய்வாகச் சீவி வைத்தால் குழப்பம் வராது. காய்க்கும் காலத்தில் சிவப்புப் பூச்சிகள் கூட்டமாக வரும், கடிக்காது.

நட்டுத்தரும் சேவை பற்றி

கன்றோடு "நாங்களே வந்து நட்டுத் தருகிறோம்" என்பதும் இப்போது ஒரு பொருளாகவே விற்கப்படுகிறது. இதில் சரிபார்க்க வேண்டியவை சில உண்டு, ஏனென்றால் கன்று சாவது பெரும்பாலும் இங்கேதான்.

முதலாவது மண். புது வீட்டுக் காம்பவுண்டு ஓரத்தில் ஓரடி தோண்டினால் செங்கல் துண்டு, சிமெண்டுக் கலவை, சுண்ணாம்பு எல்லாம் வரும். கட்டிடக் கழிவைத் தள்ளி மூடும் இடமே அதுதான். சிமெண்டின் காரத்தால் செடிக்கு இரும்புச் சத்து எட்டாமல் போகும். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் புது இலை வந்தால் காரணம் இதுதான், யூரியா போட்டுத் தீராது. ஓரடிக் குழி தோண்டி வைக்கும் ஆட்களை நிறுத்தி, நீள வாய்க்காலாக 2 அடி அகலம், 2 அடி ஆழம் தோண்டச் சொல்லுங்கள். ஆனால் சுவரின் அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டக் கூடாது, ஒன்றரை அடியாவது விட்டு ஆரம்பிக்க வேண்டும். 40 அடி நீளத்துக்கு 160 கன அடி, அதாவது ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல். ஒரு யூனிட் செம்மண், அரை யூனிட் நன்றாக மக்கிய சாணி எரு, களிமண் பூமியானால் மீதிக்கு மணல், செடிக்கு 200 கிராம் வேப்பம் புண்ணாக்கு. நிரப்பித் தண்ணீர் விட்டு ஒரு வாரம் இறங்கவிட்ட பிறகு நடவேண்டும். நிரப்பிய அன்றே நட்டால் செடி மண்ணோடு சேர்ந்து அரையடி இறங்கி, கழுத்து புதைந்து அழுகும்.

இரண்டாவது பை. நம்பக் கடினமாக இருக்கும், பிளாஸ்டிக் பையோடு நட்டுவிட்டுப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள். கூடவே நின்று பாருங்கள். பையைக் கீறி எடுத்ததும் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால், உருண்டையின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடத்தில் அரை அங்குலம் ஆழக் கீறிவிட வேண்டும். சுற்றிய வேர் அப்படியே பருத்துத் தண்டை நெரிக்கும். ஐந்தாறு வருஷம் நன்றாக நின்ற மரம் ஒரு சாதாரணக் காற்றில் வேரோடு சாய்வது இதனால்தான். ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வரும் பெரிய செடிகள் சிலவற்றில் வேரைச் சுற்றி ஒட்டும் களிமண் இருக்கும். செம்மண்ணில் வைத்தால் விட்ட தண்ணீர் சுற்றியுள்ள மண்ணில் இறங்கிவிடும், களி உருண்டை உள்ளே காய்ந்து கல்லாகும். அப்படிப்பட்ட உருண்டையை ஒரு நாள் தண்ணீரில் நனைத்து, வெளிக்களியைக் கையால் உதிர்த்துவிட்டு நடுவது நல்லது.

கடையிலேயே பையைத் தூக்கிப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். அடி ஓட்டை வழியாக வேர் தரைக்குள் போயிருந்தால், தூக்கும்போது அது அறுபடும், ஒரு வாரத்தில் இலை கொட்டும். நிழல்வலைக்குள் வளர்ந்த கன்றை நேராக வெயிலில் நடாமல் பத்து நாள் காலை வெயிலில் மட்டும் வைத்துப் பழக்கவும்.

மூன்றாவது முட்டுக்கம்பு. தண்டோடு ஒட்டி இறுக்கிக் கட்டிய குச்சி செடியைச் சோம்பேறியாக்கும். காற்றில் ஆடினால்தான் தண்டு பருக்கும். குச்சியை முக்கால் அடி தள்ளி அடித்து, எட்டு வடிவில் கயிற்றைத் தளர்வாகக் கட்டி, ஒரு வருஷத்தில் எடுத்துவிடவும்.

நட ஏற்ற காலம், வடகிழக்குப் பருவமழை பெறும் மாவட்டங்களில் புரட்டாசிக் கடைசியும் ஐப்பசித் தொடக்கமும். கொங்குப் பகுதியிலும் மேற்கு ஓரத்திலும் ஆனி, ஆடி. சித்திரையில் வீடு குடிபுகுவதற்காக அவசரமாக நடும் வரிசைகளில் சாவு அதிகம்.

தண்ணீரும் கத்தரிப்பும்

40 அடி சுவருக்கு இரு முனையிலும் 2 அடி விட்டு 3 அடிக்கு ஒன்று என்றால் 13 நெட்டிலிங்கம். செடிக்கு மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் இரண்டு, ஒரு மணி நேரம் ஓடினால் 8 லிட்டர், மொத்தம் ஏறக்குறைய 100 லிட்டர். முதல் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இரண்டு முறை, கோடையில் மூன்று. சொட்டுவானைத் தண்டின் அடியிலேயே நிரந்தரமாக வைப்பதுதான் பொதுவாகக் காணும் பிழை. ஆறு மாதத்தில் ஓரடியும், இரண்டாம் வருஷம் இரண்டடியும் தள்ளி வைத்தால் வேர் வெளியே வரும். இல்லாவிட்டால் வேர் அங்கேயே சுருண்டு நிற்கும், சொட்டுநீர் இரண்டு வாரம் பழுதானாலே வரிசை முழுக்க வாடும். தேங்காய் மட்டை அல்லது உதிர்ந்த இலையை மூன்று அங்குலம் பரப்புங்கள், தண்டை மட்டும் தொடக் கூடாது.

வெட்டும்போது வடிவம் ஒன்றைத்தான் நினைவில் வைக்க வேண்டும்: அடி அகலம், தலை குறுகல். ஏணியில் நிற்கும் ஆளுக்கு மேலே வெட்டுவது சிரமம், கீழே வெட்டுவது எளிது. அதனால் தானாகவே தலை பருத்து அடி ஒட்டிய வேலி உருவாகும். மேல்பகுதி கீழ்ப்பகுதிக்கு நிழலாகி அடி இலை உதிரும். ஆறடி வேலிக்கு மேலே 2 அடி அகலம் என்றால் கீழே 2½, 3 அடி இருக்கட்டும். நெட்டிலிங்கத்துக்குப் பக்கவாட்டுக் கத்தரிப்பே வேண்டாம். உயரம் போதும் என்றால் நுனியை மட்டும், மழைக்கு முன்பு. மேலே மின்கம்பி போகும் இடத்தில் உயரும் மரம் எதையும் வைக்க வேண்டாம். மின்வாரியத்துக்காரர்கள் வந்து வெட்டினால் பாதி தலையோடு நிற்கும், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

வாங்கும்போது கணக்குக்கு மேல் இரண்டு கன்று சேர்த்து, அதே தொகுப்பிலிருந்தே எடுத்து, ஒரு பெரிய பைக்கு மாற்றி மூலையில் வளர்த்துவாருங்கள். வரிசையில் ஒன்று போனால் ஏறக்குறைய அதே உயரத்தில், அதே சாயலில் மாற்று தயாராக இருக்கும். இரண்டு வருஷம் கழித்துக் கடையில் தேடினால் கிடைப்பது அந்த ஆறடிக் கைத்தடிதான்.